மஞ்சக்காணி அம்மன் காடு

ஆரணி
9-2-1983

இராஜமாணிக்கத்துக்கு, கெங்கம்மாள் எழுதிக்கொண்டது.

நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுத மாட்டேன். உன் நலத்தை நான் விசாரித்து முப்பத்தைந்து வருஷம் ஆகிறது. இப்போது விசாரித்தால் உனக்கே சந்தேகம் வரும். விஷயத்தை மட்டும் எழுதுகிறேன்.

கண்ணமங்கலத்திலிருந்து ஒரு செங்கல் சூளைக்காரர் வந்தார். என் மஞ்சக்காணியில் நிற்கும் மரத்தையெல்லாம் சூளைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். என் பிள்ளை சிவப்பிரகாசம் அவருக்குக் காபி வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துவிட்டான். அவனுக்கு இன்னொரு தறி போட ஆசை. "அம்மா, யாருக்கும் பிரயோஜனம் இல்லாத முள்ளுக்காடு அது. நீ ஏன் அத கட்டிப் புடிச்சிகினு இருக்கிற?" என்கிறான். நான் பட்டு நூல் சுற்றிக்கொண்டிருந்த ராட்டையை நிறுத்தினேன். "டேய், அதுல ஒரு சபதம் போட்டு வெச்சிகினு இருக்கேன். அது தீரணும்னா உன் மாமன் வாயத் தெறக்கணும்" என்றேன்.

உனக்கு மறந்திருக்கும். அசௌகரியமானதெல்லாம் மறந்து போகிற ஞாபகம் உனக்கு. அதனால் எழுதுகிறேன்.

என் கல்யாணத்தன்று மாட்டு வண்டியில் என்னை ஏற்றிவிட்டு, அப்பா நுகத்தடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கிழக்கே கை நீட்டி, "கெங்கா, அதோ கிணத்துக் கழனி. அது உன் மஞ்சளுக்கும் குங்குமத்துக்கும்" என்றார். கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு மஞ்சள் செலவுக்கென்று பிறந்த வீட்டில் எல்லோரும் கொஞ்சம் நிலம் கொடுப்பதுதான். அப்பா நல்லதாகப் பார்த்துக் கொடுத்தார். நீ வண்டிக்குப் பின்னால் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு வெல்லம் தின்றபடி நின்றாய். சட்டையில் இரண்டாவது பொத்தான் இல்லை.

அப்பா போய்ச் சேர்ந்தார். சுதந்திரம் வந்த அடுத்த வருஷம் பத்திரம் எழுத என்னைக் கூப்பிட்டாய். வந்தால் கழனியைக் காட்டாமல் அதற்கு மேலே இருந்த கரம்பைக் காட்டினாய். கல்லும் காரைமுள்ளும். "அப்பா காட்டினது இதான்க்கா" என்று மண்ணைப் பார்த்துச் சொன்னாய். உன் பெண்டாட்டி பூங்காவனம் பின்னால் நின்று முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கென்று நான் கொண்டுவந்த மஞ்சள் கயிற்றை அவள் கையில் கொடுக்காமல், கரம்பு முனையில் நின்ற வேப்பங்கன்றில் கட்டினேன். "அப்பா காட்டினது எதுன்னு நீ உன் வாயால சொல்ற வரைக்கும் இந்த மண்ணுல ஏர் படாது, அருவா படாது, ஒரு குச்சி ஒடிக்க மாட்டேன். இந்த ஊர் எல்லையையும் மிதிக்க மாட்டேன்" என்றேன்.

மிதித்தேனா? உன் மகள் கல்யாணத்துக்குக்கூட வரவில்லை. ஆரணிக்கும் உன் ஊருக்கும் பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட இல்லை.

இப்போதாவது சொல்லிவிடு. ஒரு வரி போதும். அந்த வரி வந்தால் சபதம் தீர்ந்தது, சூளைக்காரர் ஆளை அனுப்புவார். வராவிட்டால் காடு அப்படியே நிற்கட்டும்.

கெங்கம்மாள்

---

சந்தவாசல்
21-2-1983

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி இராஜமாணிக்கம் வணக்கத்துடன் எழுதியது.

இங்கே எல்லோரும் நல்லபடி இருக்கிறோம். நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

உன் கையெழுத்தைப் பார்த்ததும் பூங்காவனம் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள். யாருக்கு என்னவோ என்று பயம். படித்துக் காட்டினேன். "திட்டித்தான எழுதியிருக்காங்க? அப்ப நல்லாத்தான் இருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போய் மறுபடியும் அடுப்பை மூட்டினாள்.

சட்டை பச்சை இல்லை அக்கா, நீலம். பொத்தான் நீ சொன்னபடிதான்.

உனக்குத் தெரியாத ஒன்றை நான் சொல்ல வேண்டும். நீ கோபத்தில் கட்டிய மஞ்சள் கயிற்றை ஊரில் காப்பு என்று நினைத்துவிட்டார்கள். நீ ஏதோ அம்மனுக்கு வேண்டிக்கொண்டு கட்டிவிட்டுப் போனதாகப் பேச்சு. அடுத்த வாரம் வேடியப்பன் ஆடு உள்ளே போய் எதையோ தின்று வயிறு ஊதிச் செத்தது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒருத்தர் கால் வைக்கவில்லை. கயிறு இற்றுப்போனால் யாராவது புதுசு கட்டுகிறார்கள். ஆடி வெள்ளியில் கூழ் ஊற்றுகிறார்கள். மஞ்சக்காணி அம்மன் காடு என்று பேர். உன் கோபத்துக்கு ஊரே கூழ் ஊற்றிக்கொண்டிருக்கிறது அக்கா. எனக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். வெளியே சொன்னால் அடிக்க வருவார்கள்.

கரம்பு இப்போது கரம்பு இல்லை. வேம்பு, புங்கன், நுணா, ஈச்சை என்று அடர்ந்து கிடக்கிறது. நடுவில் ஒரு குட்டை. மழை பெய்தால் தண்ணீர் ஓடிப்போகாமல் அங்கேயே நின்று பூமியில் இறங்குகிறது. மழை நன்றாக இருந்த வருஷங்களில் கொக்கும் நீர்க்காகமும் வந்து கூடு கட்டி, பேச்சுக்குரல் கேட்காத அளவுக்குக் கத்தும். இந்த வருஷம் மழை பொய்த்து, ஊரில் கிணறெல்லாம் பாறை தெரிகிறது. கழனிக் கிணற்றில் மட்டும் ஓர் ஆள் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கிறது. ஊரே அதில்தான் குடம் விடுகிறது. அந்தத் தண்ணீர் மேலே உன் காட்டிலிருந்து இறங்கி வருவது.

இதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். நீ கேட்கிற வரி என் தொண்டையிலேயே நிற்கிறது. பத்து வருஷம் முன்னால் கேட்டிருந்தால் அன்றைக்கே எழுதியிருப்பேன். இப்போது எழுதினால் நீ கோடரியை அனுப்புவாய். எழுதாவிட்டால் நீ வரமாட்டாய். மரம் நிற்க வேண்டும் என்றால் நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

ஆகவே எழுதவில்லை. மன்னித்துக்கொள்.

உன் தம்பி
இராஜமாணிக்கம்

---

ஆரணி
1-3-1983

இராஜமாணிக்கத்துக்கு,

சட்டை பச்சைதான். ஆரணி சந்தையில் துணி எடுத்தது நானும் அம்மாவும். நீலம் என்று எவன் சொன்னான்?

உன் சாமர்த்தியம் எனக்குப் புரிகிறது. நேற்றுவரை கௌரவம் பார்த்து வாயைத் திறக்கவில்லை. இன்று மரத்தைக் காட்டித் திறக்கவில்லை. நாளைக்குக் கொக்கைக் காட்டுவாய். பத்து வருஷம் முன்னால் கேட்டிருந்தால் சொல்லியிருப்பானாம்! அதற்கு முன்னால் இருபத்தைந்து வருஷம் என்ன செய்துகொண்டிருந்தாய், நாக்கில் சுளுக்கா?

தண்ணீர் இருப்பது உன் கழனிக் கிணற்றில்தானே? அந்தக் கழனி யாருக்கு என்று அப்பா காட்டினார்? அதைச் சொல் முதலில்.

சூளைக்காரர் இன்னொரு தடவை வந்துவிட்டுப் போனார். "ஏம்மா பேஜார் பண்ற, ஒரு முடிவு சொல்லு" என்று சிவப்பிரகாசம் தறியில் உட்கார்ந்தபடி கத்துகிறான். வைகாசிக்குள் சொல்கிறேன் என்று அனுப்பினேன்.

கூழ் ஊற்றுகிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அந்த விஷயத்துக்கு மட்டும் கொஞ்சம் சிரித்தேன். அதை உனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கெங்கம்மாள்

---

சந்தவாசல்
6-5-1983

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு சேதி. நீ கோபப்படுவாய், உட்கார்ந்து படி.

போன செவ்வாய்க்கிழமை ஜீப்பில் ஒரு ஆபீசர் வந்தார். சமூகக் காடு திட்டமாம். பஞ்சம் பார்க்க ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டு வந்தவர், எங்கேயும் பச்சை இல்லாமல் வந்து உன் காட்டைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனார், செருப்போடு போக ஊர்க்காரர்கள் விடவில்லை. வெளியே வந்து, "இது யாரு நிலங்க? யாரும் சொல்லாம, சொந்தப் பட்டா நிலத்த இவ்வளவு நாளா யாரு இப்படிக் காப்பாத்தி வெச்சிருக்கிறது?" என்றார்.

என் வாய் எதை மென்றாலும் இதை மெல்லவில்லை. "எங்க அக்காவோட மஞ்சக்காணிங்க. ஆரணியில இருக்காங்க. பேரு கெங்கம்மாள்" என்றேன்.

யாரும் சொல்லாமல் தாமாகவே காட்டைக் காப்பாற்றிய விவசாயிகளை அவர்கள் தேடிப் பிடித்து மேடையில் மரியாதை செய்யப் போகிறார்களாம். ஆடிக்கு முன்னால், ஆரணியிலேயே. உன் வீட்டுக்கு வருவார். விரட்டி அடிக்காதே, நல்ல மனுஷன்.

உன் தம்பி
இராஜமாணிக்கம்

---

ஆரணி
4-6-1983

இராஜமாணிக்கத்துக்கு,

வந்தார். விரட்டவில்லை. மோர் கொடுத்தேன்.

தெருவில் தறிக்குப் பாவு நூல் விரித்துக்கொண்டிருந்த ஆட்கள் எல்லாம் ஜீப்பைப் பார்த்து எங்கள் வாசலில் கூடிவிட்டார்கள். என்ன கேஸோ என்று பார்க்க வந்தவர்கள்தான். "அம்மா, நீங்க பெரிய தியாகம் பண்ணியிருக்கீங்க. காட்ட வளத்ததப் பத்தி மேடையில ரெண்டு வார்த்தை பேசணும்" என்றார். நான், "ஐயா, நான் காட்ட வளக்கல. கோவத்த வளத்தேன். அது பாட்டுக்கு மரமாப் போச்சி" என்றேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டு சிரித்தார். இந்த மனுஷரிடம் எதையும் விளக்க முடியாது.

பிறகு போகிறபோது ஒன்று சொன்னார். "உங்க தம்பிக்கும் உங்க மேல ரொம்பப் பாசம்மா. கையப் பாத்தேன்" என்றார். "கையில என்ன?" என்றேன். எனக்குத் தெரியும் என்று நினைத்திருப்பார் போல, சங்கடப்பட்டார். எமர்ஜென்சி வருஷத்தில் கரிமூட்டம் போடுகிறவர்கள் வண்டியோடு வந்து மரத்தில் கோடரி வைத்தார்களாம், நீ நடுவில் போனாயாம், இரண்டு விரல் இன்னும் மடங்காதாம். குட்டைக்குக் கீழ்ப் பக்கம் மண் கரை போட்டு வைத்ததும் நீதானாம். ஊரில் எல்லோரும் சொல்கிறார்களாம்.

எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லவில்லை? வலது கையா, இடது கையா? ஏர் பிடிக்க முடிகிறதா? யாருக்காக இதெல்லாம் செய்தாய்?

நான் மேடைக்குப் போவதாக இல்லை. சிவப்பிரகாசம் போகச் சொல்கிறான். மேடைக்குப் பிறகு மரத்துக்கு இன்னும் கிராக்கி வரும் என்று நினைக்கிறான், பைத்தியக்காரன்.

கையைப் பற்றி உடனே எழுது.

கெங்கம்மாள்

---

சந்தவாசல்
12-6-1983

அன்புள்ள அக்காவுக்கு,

இடது கை. ஏர் பிடிப்பது வலது கையில்தானே. கவலைப்படாதே. கரிமூட்டக்காரன் மரத்தைத்தான் வெட்ட ஓங்கினான், நான்தான் கையை நீட்டினேன். அவன்மேல் தப்பில்லை. கட்டுப்போட்டு ஆஸ்பத்திரிக்கு அவனேதான் வண்டியில் கூட்டிப் போனான்.

யாருக்காக என்று கேட்டிருக்கிறாய். முதலில் பயத்தில்தான் அக்கா. உன் காட்டில் ஒரு மரம் குறைந்தாலும் நான்தான் விற்றுத் தின்றேன் என்பாய். ஏற்கெனவே உன்னிடம் ஒன்று தின்றுவிட்டவன் நான். அப்புறம் அப்புறம், காலையில் எழுந்ததும் அங்கே ஒரு சுற்றுப் போகாவிட்டால் சோறு இறங்காது என்று ஆகிவிட்டது.

நீ மேடைக்குப் போ. போகாவிட்டால் வேறு யாரையாவது உட்கார வைப்பார்கள். நம் அப்பா பெண் உட்காரட்டும்.

உன் தம்பி
இராஜமாணிக்கம்

---

ஆரணி
9-7-1983

தம்பிக்கு,

முதலில் உன்னைத் திட்டிவிடுகிறேன்.

கோட்டை மைதானத்தில் அவ்வளவு கூட்டத்தில், கடைசி வரிசைக்கும் பின்னால், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றால் எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? நிற்கிற நிலையை வைத்தே கண்டுபிடித்துவிட்டேன். ஒரு காலை மடக்கி, அப்பா மாதிரி. தலை இவ்வளவு நரைத்திருக்கும் என்றுதான் நினைக்கவில்லை.

பட்டுக்குப் பேர் போன ஊர் இது. பட்டு நெய்கிறவனைப் பெற்றவளுக்கு மேடையில் பொன்னாடை என்று ஒரு மில் துணியைப் போர்த்தினார்கள்! சிவப்பிரகாசம் முன் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டான். நானும் பொறுத்துக்கொண்டு நின்றேன்.

பேசச் சொன்னார்கள். நான் சொன்னதுதான் உனக்குத் தெரியுமே: "நான் ஒண்ணும் பண்ணலைங்க. சும்மா இருந்தேன். பாத்துகினது என் தம்பி. அதோ துண்ட தலையில போட்டுகினு ஒளிஞ்சிகினு நிக்கிறான் பாருங்க, அவன மேல கூப்புடுங்க."

உன்னைக் கூப்பிட்டது ஒரு கும்பிடு போட்டுவிட்டு நிற்பாய் என்று. நீ என்ன செய்தாய்? மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "எங்கப்பா எங்கக்காவுக்குக் காட்டினது கிணத்துக் கழனிங்க. மேல இருக்கிற கரம்பு இல்லீங்க. நான்தான் மாத்திச் சொன்னேன். இத சொல்லத்தான் வந்தேன்" என்று மைதானம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாய். அத்தனை ஜனமும் கைதட்டியது. எதற்குத் தட்டுகிறோம் என்று ஒருத்தருக்காவது தெரியுமா? பக்கத்தில் இருந்த அதிகாரி என்னிடம் குனிந்து, "என்னம்மா சொல்றார்?" என்றார். "மரத்தப் பத்திதாங்க" என்றேன்.

மைக்கைப் பிடித்தபோது கையைப் பார்த்தேன். இரண்டு விரலும் தனியாக நீட்டிக்கொண்டு நின்றன.

அப்புறம் எல்லோரும் எழுந்தார்கள், எனக்கு மட்டும் எழுந்திருக்க முடியவில்லை. கால் மரத்துவிட்டது என்று சொல்லி நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். கால் மரக்கவில்லை. இத்தனை வருஷம் தலையில் வைத்திருந்த சுமையை யாரோ ஒரு கை கொடுத்து இறக்கிவிட்டால், உடனே நடக்க வருமா? அதற்குள் நீ பஸ் ஏறிப் போய்விட்டாய். என்ன அவசரம் உனக்கு? ஒரு வாய் சோறு தின்றுவிட்டுப் போகக்கூடாதா? வீட்டில் கத்தரிக்காய்க் குழம்பு வைத்துவிட்டுத்தான் மேடைக்கே வந்தேன். நீ எப்படியும் கூட்டத்தில் வந்து நிற்பாய் என்று எனக்குத் தெரியும்.

ஒன்று கேட்கிறேன். நீ சொன்னால் சூளைக்காரரை அனுப்புவேன் என்று தெரிந்தும் ஏன் சொன்னாய்?

அக்கா

---

சந்தவாசல்
16-7-1983

அன்புள்ள அக்காவுக்கு,

பஸ்ஸுக்கு அவசரம் இல்லை. உன் முகத்தைப் பார்க்கப் பயம்.

நீ என்னை மேலே கூப்பிட்டுப் பாதி மரியாதையைப் பங்கு வைத்தாய். அதற்கு அப்புறமும் நான் வாயை மூடிக்கொண்டு நின்றால் நான் என்ன மனுஷன்? மரம் போனால் போகட்டும் என்று சொல்லிவிட்டேன். பஸ்ஸில் கண்ணமங்கலம் வருவதற்குள் தூங்கிப்போனேன். கண்டக்டர்தான் எழுப்பினான், நம் ஊரைத் தாண்டிப் போய்விட்டேன். நடந்து திரும்பி வந்தேன், மனசு லேசாக இருந்தது.

கழனியை உன் பேருக்கு மாற்றி எழுதித் தருகிறேன். எப்போது வேண்டும் என்று சொல்.

வருகிற 29 ஆடி வெள்ளி, கூழ். பூங்காவனம் இரண்டு நாளாக வீட்டை மெழுகிக்கொண்டிருக்கிறாள். வா அக்கா. கோடரியோடு வந்தாலும் சரி, வா.

உன் தம்பி
இராஜமாணிக்கம்

---

ஆரணி
2-8-1983

அன்புள்ள தம்பிக்கு, அக்கா ஆசீர்வாதத்துடன் எழுதியது.

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

பூங்காவனத்திடம் சொல், கூழில் உப்புக் கம்மி. அவளை நான் முழுசாக மன்னித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். முந்தானையைக் கடித்தது இன்னும் கணக்கில் இருக்கிறது. ஆனால் வாசலில் என் காலில் தண்ணீர் ஊற்றி, முந்தானையாலேயே துடைத்தும் விட்டாள். அதையும் நான் மறக்க மாட்டேன்.

கழனி வேண்டாம். நீயே வைத்துக்கொள். அது கீழே இருக்கிறது, நான் மேலே இருக்கிறேன். என் தண்ணீரைக் குடித்துக்கொண்டு நீ கீழேயே இரு.

சூளைக்காரர் நேற்று வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் சிவப்பிரகாசமே எழுந்து, "மரம் இல்லீங்க, வேற எடம் பாருங்க" என்று அனுப்பிவிட்டான். எனக்கே ஆச்சரியம். அன்றைக்கு அவன் உன் கிணற்றில் எத்தனை பேர் குடம் விடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே நின்றான், அதுதான் வேலை செய்திருக்கிறது. தறிக்கு வேறு வழி பார்க்கிறானாம். முன்பு நான் கோபத்தில் விட்டு வைத்தேன். இனிமேல் சும்மா இருக்கட்டும் என்று விட்டு வைக்கிறேன்.

அந்த வேப்பங்கன்றை என்னால் அடையாளம் கண்டுபிடிக்க முடியவில்லை. ஓர் ஆள் கையை விரித்தாலும் அணைக்க முடியாத மரத்தைக் காட்டி, "இதான்க்கா" என்றாய். நீ "இதான்க்கா" என்றால் நான் நம்பக்கூடாது, ஆனாலும் நம்பினேன். அதன் அடியில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். கூழ்க் குடத்தோடு வந்த ஒரு பெண், "ஆயா, அம்மனுக்கு எதிரா நிக்காத, தள்ளிக்கோ" என்று அதட்டினாளே! என் சபதத்துக்கு முன்னால் நான் நிற்கக்கூடாதாம். நீ அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்ததை நான் பார்க்கவில்லை என்று நினைக்காதே.

சபதம் தீர்ந்ததே என்று நான் அதில் ஒரு குச்சி ஒடித்தபோது எல்லோரும் "ஐயோ, அம்மன் மரம்" என்று கூச்சல் போட்டார்கள். "ஒடிக்கட்டும் விடுங்க. அம்மன் கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்" என்று நீ முன்னால் வந்து நின்றாய். மடங்காத இரண்டு விரலோடு கையை நீட்டிக்கொண்டு. மரத்துக்கு முன்னால் நின்ற மாதிரியே எனக்கு முன்னாலும் நின்றாய்.

அந்தக் குச்சியில்தான் இன்று காலையில் பல் விளக்கினேன். இத்தனை வருஷத்தில் என் மஞ்சக்காணியிலிருந்து வீட்டுக்கு வந்த முதல் விளைச்சல். நல்ல கசப்பு. சிவப்பிரகாசத்துக்கும் பாதி கொடுத்தேன்.

இது நாலு நாளைக்கு வரும். தீர்ந்ததும் நீ யார் மூலமாவது ஒடித்துக் கொடுத்து அனுப்பிவிடாதே. நானே வந்து ஒடித்துக்கொள்கிறேன்.

அக்கா
கெங்கா